இறங்கும்போதே கியர்: கொடைக்கானல் மலைப்பாதையை முன்வைத்துச் சில முடிபுகள்

பந்தய வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நெடுங்காலம் ஆகிறது. கியரை விளையாட்டே மாற்றிக்கொள்ளட்டும் என்பது தானியங்கிக் கட்சி. என் கியரை நானே மாற்றுவேன் என்பது கைக்கியர்க் கட்சி. 1986இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘அவுட் ரன்’னில் இருந்தவை இரண்டே கியர்கள், அந்த இரண்டுக்குள்ளேயே சண்டைக்கான வித்து இருந்தது. 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘கிராண்ட் டுரிஸ்மோ’ ஏடியா, எம்டியா என்று கேட்டுவிட்டுத்தான் ஆளைக் களத்துக்குள் விட்டது. 2005இல் வெளியான ‘நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வாண்டட்’ நம்மூர் பிரவுசிங் சென்டர்களை எட்டியபோது வாதம் முற்றிப்போயிருந்தது. இத்தனை காலம் நடந்த வழக்கில் ஒரு சாட்சியை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றவில்லை. அது மலை. வேகத்தைப் பற்றிப் பேசினார்கள், வீரத்தைப் பற்றிப் பேசினார்கள், சாய்வைப் பற்றி வாய் திறக்கவில்லை. சமதரையில் எந்தக் கியர் என்பது ருசி சம்பந்தப்பட்டது. ருசிக்கு ஆய்வு தேவையில்லை. மலையில்தான் அது ஆராயத்தக்க பொருளாகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது தானியங்கி, அங்கிருந்து இறங்கும்போது கைக்கியர் என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் முடிபு.

களம் ஏன் கொடைக்கானல் என்று முதலிலேயே கேட்பார்கள். கொல்லிமலைக்காரர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளை எடுத்துக்காட்டி உரிமை கோரலாம். ஆழியாறு–வால்பாறைப் பாதைக்காரர்கள் 40ஐக் காட்டலாம். வளைவுகளை எண்ணி மலையை மதிப்பது பரீட்சைத்தாளைப் பக்கத்தை எண்ணித் திருத்துவதற்குச் சமம். நமக்கு வேண்டியது விடாத சரிவு. வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் சாலைத் தொலைவு ஏறத்தாழ 50 கி.மீ., உயர வேறுபாடு ஏறத்தாழ 1,800 மீட்டர். காட்ரோட்டில் தொடங்கி டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று போகும் இந்தப் பாதைக்கு, அதை அமைத்த மேஜர் லாவின் பெயரால் லாஸ் காட் என்று பெயர். பெருமாள்மலையில் பழநியிலிருந்து வரும் மலைச்சாலையும் வந்து சேர்கிறது. ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ 2017இல் வந்ததிலிருந்து, அந்நாட்டுப் பேருந்துக்குத் தமிழ்நாடு அரசுப் பேருந்தின் நிறத்தையும் தோற்றத்தையும் மாட்டி, செல்போனில் மலையேறும் இளைஞர் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. அவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

முதலில் ஏற்றம். ஏறும் வண்டிக்குத் தேவையான செய்தி முழுவதும் எஞ்சினுக்குள்ளேயே கிடைக்கிறது. சரிவு கூடினால் சுழற்சி குறைகிறது. குறைந்தால் ஒரு கியர் இறக்க வேண்டும். தேறினால் ஒன்று ஏற்ற வேண்டும். இந்த வேலைக்கு முன்யோசனை வேண்டாம், கணக்குப்பிள்ளையின் கவனம் போதும். விளையாட்டின் தானியங்கிக்கு அது நிரம்ப உண்டு. தவறு செய்தாலும் மலையே பிரேக்காக நின்று காப்பாற்றுகிறது. இதோடு உடற்கூறு சார்ந்த சான்று ஒன்றும் இருக்கிறது. செல்போனில் ஆடுபவருக்கு இடக் கட்டைவிரல் ஸ்டியரிங்குக்குப் போகிறது, வலக் கட்டைவிரல் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் போகிறது. கியருக்கென்று மூன்றாவது கட்டைவிரலை இயற்கை வழங்கவில்லை. வரலாறும் ஏற்றத்தில் தானியங்கியின் பக்கமே நிற்கிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளத்துப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் மலையேறிய துரைமார்களில் பலர், கூலியாட்கள் சுமந்த நாற்காலியில் உட்கார்ந்தே கொடைக்கானலைக் கண்டார்கள். எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது, எங்கே தோள் மாற்றுவது என்பவை சுமந்தவர்களின் கவலை. (அவர்களிடம் கருத்துக் கேட்டிருந்தால் முடிபு வேறாக இருந்திருக்கும் என்பது உண்மைதான்.)

ஏற்றத்தில் தானியங்கி என்றதுமே கைக்கியர்க் கட்சியார் எழுந்து, அது குழந்தைகள் ஓட்டுவது, வீரன் கையால்தான் மாற்றுவான் என்பர். அற்றன்று. விளையாட்டில் அவர்கள் மேனுவல் என்று பெருமை பேசுவது பெரும்பாலும் இரண்டு பொத்தான்களை. ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. கிளட்ச்சை விளையாட்டே மிதித்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டை ஃபார்முலா ஒன்னுக்குள் கொண்டுவந்தது ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640. 1989இல் பிரேசிலில் அதன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மேன்செல் வென்றார். அதைச் செய்தித்தாள்களே பாதித் தானியங்கி என்று எழுதின. ஆக நம் வீரர்கள் கட்டிக்காப்பது பாதித் தானியங்கியின் மானத்தை. இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு ஸ்பெயின் பந்தயத்திலிருந்து 2003 முடியும் வரை முழுத் தானியங்கிக் கியர்பெட்டி ஃபார்முலா ஒன்னில் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2004இல்தான் தடை வந்தது. அனுமதி இருந்த மூன்று ஆண்டுகளிலும் உலகப் பட்டம் மைக்கேல் ஷூமாக்கருக்குப் போனது. ஏடி வைத்து ஆடுகிறான் என்று அவரைக் கேலி செய்தவர் எவரும் இல்லை. நம் நாராயண் கார்த்திகேயன் 2005இல், தடைக்குப் பிறகு வந்தவர். ஆகவே அவர் கையால் மாற்றியதை ஒரு கொள்கை நிலைப்பாடாகக் காட்ட முடியாது.

இனி இறக்கம். 15 டன் எடையுள்ள பேருந்து ஒன்று 1,800 மீட்டர் கீழே வருகிறது என்று கொள்வோம். அது கைவிட வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 26.5 கோடி ஜூல். மின்வாரியக் கணக்கில் 73 யூனிட்; தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு. காற்றும் டயரும் தின்றதுபோக மீதியைப் பிரேக் டிரம்களிடம் மட்டும் கொடுத்தால் அவை காய்ந்து பிடிப்பை இழக்கும். ஆகவேதான் எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநர்கள் எல்லோரும் கற்றுவைத்திருக்கும் பாடம். இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் வளைவுக்கு மட்டும். இப்போது விளையாட்டுத் தானியங்கியைக் கவனியுங்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து விரலை எடுக்கிறீர்கள். சுமை இல்லை, சுழற்சி இருக்கிறது, ஆகா சமவெளி என்று அது மேல் கியருக்குத் தாவுகிறது. அடுத்த வளைவு அதற்குத் தெரியாது. அது படிப்பது நடந்து முடிந்ததை. வரப்போவது ஓட்டுகிறவர் கண்ணில் மட்டும் இருக்கிறது. இறக்கத்தில் கைக்கியரைத் தேர்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இங்கே சற்று நின்று ஒரு குற்றச்சாட்டைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. உண்மைக் காரின் கியர்பெட்டி குருடாக இருப்பதை மன்னிக்கலாம். சாலையைப் போட்டவர் வேறு, பெட்டியைச் செய்தவர் வேறு. அப்படியும் 2013இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ரெய்த், செயற்கைக்கோள் வழியே வரப்போகும் வளைவை அறிந்து கியரைத் தயாராக வைத்துக்கொள்கிறது. விளையாட்டிலோ சாலையைப் படைத்தவனே கியர்பெட்டியையும் படைத்தான். ஒவ்வொரு வளைவின் கோணமும் ஒரே கோப்புறையில் கிடக்கிறது. அதைப் பெட்டிக்குச் சொல்லிவிட்டால் தானியங்கி எவரையும் மிஞ்சும். சொல்வதில்லை. அதாவது விளையாட்டுத் தானியங்கியின் குருட்டுத்தனம் இயலாமை அல்ல, நடிப்பு. கைக்கியர்க் கட்சிக்குக் கிடைக்கும் ஓரிரு விநாடி ஆதாயத்தில் தயாரிப்பாளர் போட்ட பிச்சையும் அடங்கியிருக்கிறது என்பதை அக்கட்சியார் தன்னடக்கத்துக்காகவேனும் நினைவில் வைப்பது நல்லது.

விளையாட்டில் பிரேக் காய்வதில்லையே, பிறகு எஞ்சின் பிரேக் எதற்கு என்று ஒரு வலிய தடை எழும். பெரும்பாலான செல்போன் விளையாட்டுகளைப் பொறுத்தவரை இது உண்மை. அவற்றின் பிரேக் சூடு சொரணை அற்றது. ஆனால் எல்லா விளையாட்டும் அப்படி அல்ல. 2012இல் வந்த ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’இல் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் காற்றழுத்தம் இறங்கிப்போகும் ஏற்பாட்டைத் தேர்ந்துகொள்ளலாம், எஞ்சின் பிரேக்கும் ரிட்டார்டரும் தனியே உண்டு. காயாத பிரேக் உள்ள விளையாட்டிலும் வளைவை விட்டு வெளியேறும் கணம் என்று ஒன்று இருக்கிறது. உயர்ந்த கியரில் கொண்டை ஊசியைச் சுற்றிவிட்டு ஆக்சிலரேட்டரைத் தொட்டால், தானியங்கி முதலில் திகைத்து, பிறகு கியரை இறக்கி, அதன்பின் இழுக்கும். அந்தத் திகைப்புக்குள் பின்னால் வந்தவன் முன்னால் போயிருப்பான். ஜப்பானியர் இதை நன்றாக அறிந்தவர்கள். ஹருணா மலைப்பாதையை அகினா என்று பெயர் மாற்றிக் களமாக்கிய ‘இனிஷியல் டி’ சித்திரக்கதையின் நாயகன், பழைய டொயோட்டா ஒன்றில் தோஃபு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும் பையன். அவன் புகழெல்லாம் இறக்கத்தில் சம்பாதித்தது. அதையொட்டிச் சேகா செய்த ஆர்கேட் பொறியில் கியர் தண்டே நட்டுவைக்கப்பட்டிருக்கிறது.

தானியங்கிக் கட்சியில் புராணம் படித்தவர்கள் கடைசி ஆயுதமாக ஞானப்பழத்தை எடுப்பார்கள். மயிலேறி உலகைச் சுற்றிய முருகன் தோற்றார், இருந்த இடத்தில் அம்மையப்பரைச் சுற்றிய விநாயகர் வென்றார். உழைக்காதவனுக்கே பழம் என்பது அவர்கள் வாதம். விநாயகர் மாற்றியது கியரை அல்ல, பாதையை. விளையாட்டு மொழியில் அதற்கு ஷார்ட்கட் என்று பெயர்; அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. மேலும் வென்றவர் பழநியில் பாத விநாயகராக அடிவாரத்திலும், தோற்றவர் மேலே 693 படிகளுக்கு அப்பாலும் இருப்பதால், முடிவைப் பரிசை வைத்துக் கணிப்பதா உயரத்தை வைத்துக் கணிப்பதா என்பது தீராத சிக்கல். அதே அடிவாரம் நமக்கு நேரான சான்று ஒன்றைத் தருகிறது. படிப்பாதை, யானைப்பாதை, விஞ்ச், 2004 முதல் ரோப் கார் என்று அங்கே தேர்வு ஏராளம். காவடி எடுத்தவர்களை விட்டுவிடுங்கள். மற்றவர்களில் விஞ்சில் ஏறிப் படியில் இறங்குகிறவர்கள் நிறைய. படியில் ஏறி விஞ்சில் இறங்குகிறவர்கள் குறைவு. வீடியோ கேம் ஆடாத பாட்டிமார்கள்கூட இக்கட்டுரையின் முடிபைத் தாமாகவே கண்டடைந்திருக்கிறார்கள்.

பந்தயத்துக்கு நடுவில் வகையை மாற்ற முடியாதே என்ற நடைமுறைத் தடை மிச்சம். மெனுவைத் திறக்க வண்டி நிற்க வேண்டும். கொடைக்கானலில் அதற்குக் குறைவே இல்லை. மே மாதத்தில் ஊரை விட்டு வெளியேறும் வரிசையில் நிற்கையில் வகையை மட்டுமல்ல, விளையாட்டையே மாற்றிவிடலாம். மலைப்பாதையை அத்தனை நுணுக்கமாக வரைகிறவர்கள் இந்த நெரிசலைச் சேர்க்காமல் விடுவது பெருங்குறை. மேலாய்வுக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அந்தப் படிவத்தில் வண்டி எண்ணைக் கேட்கிறார்கள். கூடவே கியர் எந்த வகை, இறங்கும்போது எந்தக் கியர் என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்தால், வேறு எந்த நாட்டு ஆய்வாளருக்கும் கிடைக்காத தரவு திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்தின் கணினியில் சும்மா வந்து விழும்.