கற்கள் எங்கே வந்தன?

கேள்வி: அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கட்டுரை எழுதப் பழக்கச் சிறுகதையைக் கொடுக்கிறார்களே, ஏன்?

பதில்: ஒரே வகுப்பில் படித்து முடித்து, மறுநாளே அதைப் பற்றிச் சண்டை போடலாமே! ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ சிறுகதை அங்கே தலைமுறைகளாகப் பாடம். 1948இல் ‘நியூயார்க்கர்’ இதழில் வந்தபோது, ‘என்னதான் அர்த்தம்?’ என்று கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்தன. இன்றைய பிள்ளைகளும் அதையேதான் கேட்பார்கள். நல்ல ஆசிரியர் அர்த்தம் சொல்லமாட்டார். ‘கதை முடிவில் எறியும் கற்கள் முதலில் எங்கே வருகின்றன, தேடு’ என்பார். தொடக்கத்திலேயே சிறுவர்கள் பொறுக்கிக் குவிக்கிறார்கள்! அதைக் கண்டுபிடித்த பிள்ளையிடம் கட்டுரைக்கான சான்று வந்துவிட்டது. அங்கே பழக்கும் ஐந்து பத்திக் கட்டுரை வடிவம் நடைவண்டி மாதிரி; ஓடத் தெரிந்த பிள்ளையிடமிருந்து வாங்கிவிட வேண்டும். ஆசிரியர்களே, கதைச்சுருக்கத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். சான்று காட்டி வாதாடும் பிள்ளைக்குப் போடுங்கள்.