துபாய்க்கு ஒரு ஹலோ

கேள்வி: மகன் துபாயில் வேலை. வட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டால் உடனே பதில் வருகிறது. கோல் எடுத்தால் மட்டும் பேச முடிவதில்லை. ஐ.டீ.டீ. எடுத்தாலோ, சுகம் விசாரிப்பதற்குள் ரீலோட் போட்ட காசு தீர்ந்துவிடுகிறது. மலிவான வழி உண்டா?
– ஒரு தாய், கட்டுகஸ்தோட்டை

பதில்: மருமகள்மேல் சந்தேகப்பட்டிருந்தால் உடனே வாபஸ் வாங்குங்கள். குற்றவாளி அந்நாட்டுச் சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப்பில் எழுதலாம், குரலைப் பதிவு செய்தும் அனுப்பலாம். நேரடிப் பேச்சுக்குத்தான் தடை. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை இருவரும் இறக்கிக்கொள்ளுங்கள். மகனுக்கு அங்கே தனிப் பொதி தேவைப்படலாம்; விசாரிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பொடியன் "வீ.பி.என். போடுங்க ஆன்ட்டி" என்பான். கேட்காதீர்கள். அதைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் அங்கே அபராதமே 5 இலட்சம் திர்ஹமில்தான் தொடங்குகிறது. அந்தக் காசுக்கு மகனையே அடிக்கடி கட்டுநாயக்கவில் இறக்கிவிடலாம்.

ஐ.டீ.டீ.யை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கொமினிகேஷன் கடைக் கூண்டுக்குள் நின்று, மீற்றரில் ஏறும் காசைப் பார்த்தபடி பேசினோமே, அந்தச் சுருக்கம் இதற்கு உதவும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். நீங்கள் விடிய ஐந்துக்கு எடுத்தால் அவருக்கு மூன்றரை.

தெரியாத வெளிநாட்டு இலக்கம் ஒரு தடவை மட்டும் அடித்து நின்றால் திருப்பி எடுக்க வேண்டாம். 971இல் தொடங்காவிட்டால், அது அநேகமாக உங்கள் ரீலோட்டின்மேல் பாசம் வைத்த வேறு யாரோ.