விரல் போனவரும் பெடல் வாங்குபவரும்

1965-இல் பர்மிங்காமின் உலோகத் தகடு ஆலை ஒன்றில், வேலையின் கடைசி நாளன்று, கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் தின்றது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்தார். கிட்டாரில் மெல்லிய கம்பிகள் கட்டினார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சாபத் குழுவின் கனத்த ஓசை அப்படி வந்தது.

பத்து விரலும் பத்திரமாக உள்ள கிட்டார் மாணவரோ, அதே ஓசைக்காக மூன்றாவது பெடல் வாங்குகிறார். அந்தக் குழுவின் ‘அயர்ன் மேன்’ பாட்டின் ரிஃப் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். அதை நிறுத்தத்தான் வீட்டார் வழி தேடுவார்கள். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டு வேறு சங்கதி. நிமிடத்துக்கு 200 தாள அடிகளைத் தாண்டும் வேகத்தில், அதன் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பிக்கைப் பெரும்பாலும் கீழ்நோக்கியே அடிக்கிறார். மாணவரின் மணிக்கட்டு தொடக்கத்திலேயே ராஜினாமா கொடுத்துவிடும். விசாரணையில் குற்றவாளி கிட்டார்தான் என்று முடிவாகி, புதியது ஆர்டர் ஆகும்.