கரட்டுக்குத் திருவிழா, கறுவாவுக்குத் தேடல்

ஆராவ், சுவிற்சர்லாந்து

மாத்தளைப் பக்கத்து உறவுகளுக்கு,

இங்கே கரட்டுக்குத் திருவிழா எடுக்கிறார்கள் என்று சொன்னால் மாத்தளை யட்டவத்தைச் சந்திக் கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆராவ் நகரில் 1982 முதல் நவம்பர் மாதத்து முதல் புதன்கிழமைகளில் கரட் சந்தை கூடுகிறது. ரூயெப்லிமேர்ட் என்று பெயர். செம்மஞ்சள், மஞ்சள், வெள்ளை, ஊதா என்று நிறத்துக்கு ஒரு குவியல். கரட் சூப், கரட் பாண், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரட் கேக். ஆராவைத் தலைநகராகக் கொண்ட ஆர்காவ் மாநிலத்தையே மற்ற மாநிலத்தார் 'கரட் நாடு' என்று கேலி செய்கிறார்கள். இவர்களும் அதைப் பட்டம் கிடைத்த பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். நுவரெலியாக் கரட்டுக்கு நாம் இதுவரை செய்த மரியாதை, மூட்டையில் கட்டித் தம்புள்ளைச் சந்தைக்கு லொறி ஏற்றியதுதான்.

இந்தக் கடிதத்தின் நாயகி யட்டவத்தையில் பிறந்து, கலியாணமாகி ஆராவுக்கு வந்த நம் பெண். பெயர் வேண்டாம், ஊரில் கண்டுபிடித்துவிடுவீர்கள். சுவிஸ் தமிழரில் பெரும்பாலானோர் 1980கள் தொடங்கி வடக்கு கிழக்கிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே மலைநாட்டுக்காரி சிறுபான்மைக்குள் சிறுபான்மை. "எந்த இடம்?" என்று கேட்பவர்களிடம் மாத்தளை என்றால் பாதி விளங்கும். யட்டவத்தை என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனால் ஒரு விசேஷம்: ஆராவும் மாத்தளையும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரே உயரம், இரண்டுமே 400 மீற்றருக்குச் சற்றுக் கீழே. குளிர் மட்டும் ஒத்துப்போகவில்லை.

அவளைக் கேக் சுட வைத்தது இந்த நாட்டுப் பிறந்தநாள் வழக்கம். இங்கே பிறந்தநாள்காரருக்கு வேலைத்தலத்தில் யாரும் கேக் வாங்கித் தரமாட்டார்கள். அவரேதான் கொண்டுவந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுக்க வேண்டும். பிறந்த குற்றத்துக்குத் தண்டப்பணம் கட்டுவது மாதிரி. கடையில் வாங்கியும் கொண்டுபோகலாம், சட்டம் தடுக்காது. "நீங்களே சுட்டதா?" என்ற கேள்விதான் தடுக்கும்.

ஆர்காவில் அதற்கு ஒரே பதில் ரூயெப்லிதோர்ட்டே, அதாவது இவர்களுடைய கரட் கேக். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைசராவ்க்ஸ்ட் என்ற ஊரின் மனையியல் பள்ளியில் இதன் செய்முறை எழுதப்பட்டதாகச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் பிறந்தநாள் மேசையில் இன்றும் இதுதான். அமெரிக்கக் கரட் கேக்கில் எண்ணெயும் கோதுமை மாவும் தாராளம், தலைக்கு மேல் கிரீம் சீஸ். இங்கே பட்டருமில்லை, எண்ணெயுமில்லை. கோதுமை மாவும் பேருக்குத்தான். மாவின் வேலையையும் கொழுப்பின் வேலையையும் அரைத்த பாதாம் பார்க்கிறது. மேலே எலுமிச்சைச் சாறு கலந்த சீனிப் பாகு, அதன்மேல் துண்டுக்கு ஒன்றாகப் பாதாம் விழுதில் பிடித்த குட்டிக் கரட் பொம்மை. உள்ளே ஒரு கரண்டி கிர்ஷ், செரிப்பழத்தில் வடித்த சாராயம். மாமியார் வரும் நாளில் அது ஒரு கரண்டி தேசிக்காய்ச் சாறாக மாறிவிடும்.

செய்முறை கேட்டால் பக்கத்து வீட்டு அம்மா பெட்டி பொஸ்ஸியைக் காட்டினார். பெட்டி பொஸ்ஸி சொன்னால் மறுபேச்சில்லை. கரண்டி அளவு வரை அவர் வாக்குத்தான் வேதம். எப்பேர்ப்பட்ட சமையற்காரியோ என்று நம் பெண் விசாரித்தால், அப்படி ஒரு மனுஷியே பிறக்கவில்லை. மார்ஜரின் விற்பதற்காக 1956இல் விளம்பரக்காரர்கள் உண்டாக்கிய பாத்திரம் அது. ஒரு நாடே பிறக்காத பெண்ணின் பேச்சைக் கேட்டுக் கேக் சுடுகிறது. கேக் நன்றாகத்தான் வருகிறது, அதுதான் வேடிக்கை.

நம் பெண் பாதாமுக்குப் பதிலாகக் கஜு போட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். அரைத்த பாதாம் கடையில் பைக்கற்றில் கிடைக்கும். கஜுவை வீட்டில்தான் அரைக்க வேண்டும். ஓய்வு கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமை. சுவிஸில் ஞாயிறு என்றால் கடைகள் பூட்டு, புல்வெட்டி ஓடாது, வெறும் போத்தலைக்கூடச் சேகரிப்புத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் வருமாம். இரவு பத்து மணிக்குப் பிறகும் இதே கதை. ஆகவே கஜு அரைப்பது சனிக்கிழமைப் பகலில். உரலும் உலக்கையும் விடிய முன்னமே பேசிக்கொண்டிருக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு இது பெரிய தவம்.

எல்லாம் கூடிவந்த பிறகுதான் அசல் பிரச்சினை, கேக்கில் போடும் கறுவா. பல்பொருள் அங்காடியில் 'சிம்ட்' என்று எழுதிய தூள் டப்பா நிறைய உண்டு. பெரும்பாலும் அது கசியா, இந்தோனேசியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ வரும் முரட்டு உறவு. பட்டையாக இருந்தால் பார்த்தவுடன் தெரியும்: கசியா தடித்த ஒற்றைப் பட்டை, இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். நம் கறுவா மேற்தோல் சுரண்டிய உள்பட்டை. தாள்போல மெல்லியதாக, ஒன்றுக்குள் ஒன்று செருகி உருட்டியது, விரலால் நொறுக்கலாம். தூளாகிவிட்டால் எல்லாம் ஒரே நிறம்.

இது வெறும் ஊர்ப்பற்று அல்ல. கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் சிலருக்கு ஈரலைத் தாக்கும். நம் கறுவாவில் அது பேருக்குத்தான் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரை பயமில்லை என்பது ஐரோப்பியக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இரண்டு கிராம் கசியாத் தூளிலேயே அந்தக் கோட்டா முடிந்துவிடும். 2006இல் ஜெர்மனியில் நத்தார்க் கறுவா பிஸ்கட்டுக்கே அதிகாரிகள் எச்சரிக்கை விட்டார்கள். 2013 நத்தாருக்கு டென்மார்க்கில் கறுவா பன்னைச் சட்டம் கொன்றுவிடும் என்று பேக்கரிக்காரர்கள் கொதித்தார்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற வரம்பு சாதாரணப் பேக்கரிப் பண்டத்துக்கு, 50 பாரம்பரியப் பண்டிகைப் பண்டத்துக்கு. கடைசியில் பன்னைப் பாரம்பரியத்தில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். கறுவாவையே மாற்றலாம்தான், ஆனால் அது சுலபமில்லை. விலைதான் காரணம்: அசல் கறுவா பல மடங்கு அதிகம்.

2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் பாதுகாப்பு அது. இனி டப்பாவைத் திருப்பிப் படிக்க ஒரு நியாயம் இருக்கிறது. நம் பெண் முன்பும் படித்தாள்; இப்போது கடைக்காரருக்கும் படித்துக் காட்டுகிறாள்.

சாதிக்காய் கதையும் அதுதான். இங்கே ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு சாதிக்காய், ஏதோ மருந்து மாதிரி விலை. மாத்தளை வளவுகளில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் பலாவுக்குப் பக்கத்தில் வேலியோரமாக நிற்பவை. கரட் கேக்கைச் சுவிஸ்காரர் தங்கள் மண்ணின் பலகாரம் என்கிறார்கள். கரட் அவர்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேக்கில் கரட்டின் பங்கு ஈரமும் நிறமும் கொஞ்சம் இனிப்பும்தான். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் ஆளுக்குக் கிழமைக்கு அரை இறாத்தல் சீனி என்று பங்கீடு நடந்தபோது, அரசாங்கமே 'டொக்டர் கரட்' என்ற கேலிச்சித்திரத்தை வைத்துக் கரட்டை இனிப்பாகச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. சீனி திரும்பி வந்ததும் டொக்டரை யாரும் தேடவில்லை. மணமில்லாமல் கரட் பொரியலுக்குத்தான் சரி.

யட்டவத்தையில் இதைச் செய்ய எதுவும் தடையில்லை. 250 கிராம் கரட்டை நுண்ணிய துருவலாகத் துருவுங்கள். அதே அளவு கஜுவைக் கொஞ்சம் சீனி சேர்த்து, விட்டு விட்டு அரையுங்கள். ஒரே மூச்சாக அரைத்தால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். ஐந்து முட்டை: மஞ்சள் கருவை 200 கிராம் சீனியோடு வெளுக்கும் வரை அடித்து, தேசிக்காய்த் தோல் துருவல், கரட், கஜு, நான்கு மேசைக்கரண்டி வறுத்த ரவை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், சுரண்டிய சாதிக்காய் கொஞ்சம், கராம்புத் தூள் ஒரு சிட்டிகை சேருங்கள். வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலக்க வேண்டும். ரவையும் கஜுவும் நம் லவ் கேக்கிலிருந்து வாங்கிய கடன், சுவிஸ்காரரிடம் சொல்லவேண்டாம். 180 பாகையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைய. அவண் இல்லாத வீட்டில் கனமான சட்டி, கீழே இலேசான தணல், மூடிமேல் கூடுதல் தணல். சுட்ட அன்றே வெட்டாதீர்கள். மறுநாள்தான் ஈரம் பரவி மணம் ஏறும். ஒரு நாள் யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

இங்கே வேலைத்தலத்தில் கஜுக் கேக்கைத் தின்றவர்கள் பெட்டி பொஸ்ஸி புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று கேட்டார்கள். யட்டவத்தைப் பதிப்பு என்று சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்து சுவிஸுக்கு வரும் யாராவது பெட்டியில் இடம் இருக்கிறது என்று சொன்னால், அப்பளமும் மிளகாய்த்தூளும் வைத்து அடைக்காதீர்கள், அவை இங்கே தமிழ்க் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கறுவாவைப் பட்டையாகவே கட்டிக் கொடுங்கள், தூள் வேண்டாம். சாதிக்காயை ஓட்டோடு அனுப்புங்கள்.