புரோச்சில் இருக்கும் சீமாட்டி

கேள்வி: உம்மம்மாவின் நகைப் பெட்டியில் ஒரு பெண்ணின் முகம் செதுக்கிய பழைய சிப்பி புரோச் இருக்கிறது. கேமியோ என்கிறார்கள். நம் கடலில் இல்லாத சங்கா? இங்கே ஏன் யாரும் இதைச் செய்யவில்லை? (வாசகி, கல்முனை)

பதில்: சங்குக்குக் குறைவில்லை, நிறத்துக்குத்தான் குறை. கேமியோவுக்கு இரண்டு நிற அடுக்குள்ள ஓடு வேண்டும். மேலுள்ள வெள்ளையில் முகத்தைச் செதுக்கி, சுற்றியுள்ளதைச் சுரண்டி எடுத்தால் அடியிலிருக்கும் பழுப்போ செம்மஞ்சளோ பின்னணியாக நிற்கும். கரீபியன் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் வாழும் பெரிய கடல் நத்தைகள் சிலவற்றின் ஓடு அப்படிப்பட்டது. மன்னார்க் கடலின் சங்கோ வெட்ட வெட்ட வெள்ளைதான். எனவே அது வளையலாக அறுபட வங்காளத்துக்குக் கப்பலேறியது. டாக்காவின் சங்காரி பஜார் அந்த வேலைக்கே பேர்போன தெரு.

கேமியோவின் தலைநகரம் இத்தாலியில், நேப்பிள்ஸ் அருகிலுள்ள தோரே தெல் கிரேக்கோ. பவளமும் சிப்பியும் செதுக்கக் கற்றுத்தரும் பள்ளி அங்கே 1878இல் தொடங்கியது. விக்டோரியா மகாராணிக்குப் பிடித்த நகை என்பதால் இங்கிலாந்தில் கிராக்கி கூடியது. புரோச்சில் இருப்பவர் யாரென்று தேட வேண்டாம். ஒன்று கிரேக்கத் தேவதை, இல்லாவிட்டால் பெயரே இல்லாத அழகி.

உங்களிடம் இருப்பது அசலா போலியா என்று பார்க்க வேண்டுமா? அசலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவும். பின்புறம் பெரும்பாலும் லேசாகக் குழிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் உளிக் கீறல்கள் தெரியும். வார்த்தெடுத்த பிளாஸ்டிக் சீமாட்டிக்கு ஒரு கீறலும் இராது, அவ்வளவு அழகு ஆபத்து! அசல் என்றால் எலுமிச்சையும் வினாகிரியும் அருகே வரக்கூடாது. சிப்பி சுண்ணாம்பு, புளிப்பில் அரிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.