சட்டைக் கடைக்காரரும் ஐம்பது மேதாவிகளும்

அரசியல் செய்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். கட்சிகளைப் பற்றி எனக்குச் சொந்தக் கருத்து கிடையாது, இருந்தாலும் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று விஷயங்களில் கருத்து உண்டு, கேட்காமலேயே சொல்வேன். ஒன்று, எங்கள் ஆட்கள் பேட்டி எடுப்பது மக்களை அல்ல, பக்கத்து நாற்காலியில் இருக்கும் இன்னொரு செய்தியாளரை. இரண்டு, தலைவர்களை முகத்துக்கு நேரே விமர்சிக்க அமெரிக்கர்கள் கண்டுபிடித்த சிறந்த அமைப்பு நாடாளுமன்றம் இல்லை, பேஸ்பால் கேலரி. மூன்று, போ டை கட்டியவனைக் குறைவாக எடை போடக்கூடாது.

மூன்றுக்கும் சாட்சி ஒரே ஆசாமி: ஹாரி ட்ரூமன், அமெரிக்காவின் 33-வது ஜனாதிபதி.

மிசௌரி மாநிலத்தில் வளர்ந்த ஹாரிக்குச் சின்ன வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி. விலை அதிகம், உடைத்துவிடாதே என்று கண் டாக்டர் மிரட்டி அனுப்பியதால் பையனுக்கு பேஸ்பால் ஆட வழியில்லை. எனவே அம்பயராக நிறுத்தினார்கள். கண் தெரியாதவனுக்கு ஏற்ற வேலை அதுதான் என்று பிற்காலத்தில் அவரே கிண்டலடிப்பார். அவர் ஊரில் பெஸ் வாலஸ் என்றொரு பெண், பையன்களோடு சேர்ந்து மூன்றாவது பேஸில் நின்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஹாரி அவளை 1919-ல் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் ஒருவருக்காவது ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

அதே வருஷம் நவம்பரில், ராணுவ கேன்டீனை நடத்தியதில் பழக்கமான எடி ஜேக்கப்சனோடு சேர்ந்து கன்சாஸ் சிட்டியில் ஒரு கடை போட்டார். ஆண்களுக்கான சட்டை, டை, காலர், சாக்ஸ், பெல்ட், தொப்பி. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பையன்கள் கையில் பணம் இருந்தவரை பட்டுச் சட்டை பறந்தது. பிறகு விலைவாசி சரிந்தது. உச்ச விலையில் வாங்கி அடுக்கிய சரக்கைத் தொட ஆளில்லை. 1922-ல் கடைக்குப் பூட்டு. பங்காளி சில வருஷம் கழித்து மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார். ட்ரூமன் மாட்டேன் என்று பிடிவாதமாகப் பத்து வருஷத்துக்கு மேல் கடனை அடைத்தார். கடையிலிருந்து மிஞ்சியது உடுத்துகிற ருசி ஒன்றுதான்: போ டை, டபுள் பிரெஸ்ட் கோட்டு, இரண்டு நிற ஷூ, மேல்பாக்கெட்டில் முனை முனையாக எட்டிப் பார்க்கும் கைக்குட்டை.

1945-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திடீரென்று காலமானதும், அதற்குள் அரசியலுக்கு வந்து துணை ஜனாதிபதியாகியிருந்த ட்ரூமன் ஜனாதிபதியானார். 'திவாலான சட்டைக் கடைக்காரன்' என்று எதிரிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கமாட்டேன். கவுன்ட்டருக்குப் பின்னால் மூன்று வருஷம் நின்றவனுக்கு ஒன்று தெரியும்: சட்டையைப் பார்ப்பது வாங்குகிறவன் வேலை, வாங்குகிறவன் முகத்தைப் பார்ப்பது விற்கிறவன் வேலை.

1948 தேர்தலில் அவருக்கு எதிரே நின்றவர் நியூயார்க் கவர்னர் தாமஸ் டூயி. கனமான குரல், கச்சிதமான மீசை, கசங்காத கோட்டு. கல்யாணக் கேக்கின் உச்சியில் நிற்கும் மாப்பிள்ளை பொம்மை என்று ஒரு கேலி ஊரெங்கும் சுற்றியது. எங்கள் ஆட்களுக்கு மட்டும் அவரைப் பார்த்ததுமே ஜனாதிபதியைப் பார்த்த திருப்தி. 'நியூஸ்வீக்' பத்திரிகை நாட்டின் முன்னணி அரசியல் எழுத்தாளர்கள் ஐம்பது பேரைக் கேட்டது: யார் ஜெயிப்பார்? ஐம்பது பேரும் டூயி என்றார்கள். கருத்துக் கணிப்பு நிபுணர் ரோப்பர், செப்டம்பரிலேயே கடையைக் கட்டிவிட்டார். முடிவு தெரிந்த பிறகு எதற்கு எண்ணுவது என்ற சிக்கனம்.

அந்த நியூஸ்வீக் இதழை ட்ரூமனின் உதவியாளர் கிளார்க் கிளிஃபர்ட் ஒரு ஸ்டேஷனில் வாங்கி, பெரியவர் மனம் நோகுமே என்று கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ரயில் ஏறினார். சட்டை வியாபாரம் செய்தவரிடமா இந்த வேலை? கோட்டுக்குள் என்ன என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டார். அந்த ஐம்பது பேரையும் தனக்குத் தெரியும், எலிப் பொந்தில் மண் தள்ளக்கூட ஒருத்தனுக்கும் துப்பு கிடையாது என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குத் தயாரானார். இவ்வளவு சுருக்கமான ஊடக விமர்சனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ரயிலின் கடைசிப் பெட்டி மேடையில் நின்றபடி ஊர் ஊராகப் பேசினார் ட்ரூமன். பேச்சு முடிந்ததும் பெஸ்ஸைக் கூட்டி வந்து 'இவர்தான் எங்க வீட்டு எஜமானி' என்று அறிமுகம். டூயியும் ரயிலில்தான் போனார். இல்லினாய் மாநிலத்தில் ஓரிடத்தில் அவர் பேச வந்தபோது ரயில் கொஞ்சம் பின்னோக்கி நகர்ந்து கூட்டத்தைப் பதற வைத்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் டூயி மைக்கில் எஞ்சின் டிரைவரைப் பைத்தியக்காரன் என்றார், சுட்டுத்தள்ளலாம் என்கிற ரீதியில் ஒரு நகைச்சுவையையும் சேர்த்தார். ரயில்வே தொழிலாளர்கள் சிரிக்கவில்லை. ரயில் பெட்டிகளில் 'பைத்தியக்காரர்கள் ஓட்டு ட்ரூமனுக்கே' என்று எழுத ஆரம்பித்தார்கள். இல்லினாயில் ட்ரூமன் ஜெயித்தது சுமார் 33 ஆயிரம் ஓட்டில். கூடவே போன செய்தியாளர்கள் இதைப் பார்க்கத்தான் செய்தார்கள். பார்த்துவிட்டு டூயியின் அமைச்சரவையில் யார் யார் என்று எழுதினார்கள்.

தேர்தல் இரவு ட்ரூமன் ஒரு ஹாம் சாண்ட்விச், ஒரு கிளாஸ் பாலோடு படுத்துவிட்டார். நடுராத்திரி விழித்து வானொலியைத் திருகினால், வர்ணனையாளர் கால்டன்பார்ன் அவர் 12 லட்சம் ஓட்டு முன்னணியில் இருப்பதாகவும், ஆனாலும் தோற்பது உறுதி என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். ட்ரூமன் திரும்பிப் படுத்துவிட்டார். நானாக இருந்தால் வானொலிப் பெட்டியை உடைத்திருப்பேன்.

சிகாகோ ட்ரிப்யூன் அலுவலகத்தில் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். பக்கங்களைச் சீக்கிரமே முடிக்க வேண்டிய கட்டாயம். வாஷிங்டனில் நெடுநாள் அனுபவமுள்ள நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங் சந்தேகமே இல்லை என்றார். 'டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று எட்டுக் காலத் தலைப்பு போட்டு அச்சடித்துவிட்டார்கள். ஆனால் ஜெயித்தது ட்ரூமன். செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்தப் பிரதி ட்ரூமன் கைக்கு வந்தது. வாயெல்லாம் பல்லாக அதைத் தூக்கிக் காட்டும் படம் உலகப் புகழ் பெற்றது. தப்பான செய்திக்கு மறுப்பு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் தலைவர்கள், அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

வாஷிங்டன் போஸ்ட் கொஞ்சம் ரோஷமுள்ள பத்திரிகை. ஜனாதிபதிக்குத் தந்தி அடித்து விருந்துக்கு அழைத்தது. நிருபர்கள், ஆசிரியர்கள், கணிப்பு நிபுணர்கள் எல்லோரும் வருவார்கள். அவருக்கு வான்கோழி, அவர்களுக்கு காக்காய்க் கறி (ஆங்கிலத்தில் காக்காய் தின்பது என்றால் தப்பை ஒப்புக்கொள்வது). உடையும் குறிப்பிட்டிருந்தது: சிறப்பு விருந்தினர் வெள்ளை டையில், மற்றவர்கள் கோணிச் சாக்கில். காக்கா பிரியாணி காமெடி பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புதுமை இல்லை, கோணி மட்டும் புதுசு. ட்ரூமன் பெருந்தன்மையாக மறுத்துவிட்டார். தப்புப் பண்ணிவிட்டார் என்பேன். போயிருக்க வேண்டும். எங்கள் தொழிலுக்கு என்று ஒரு சீருடை அன்றோடு உறுதியாகியிருக்கும்.

பெருந்தன்மைக்கும் எல்லை உண்டு. 1950 டிசம்பரில் மகள் மார்கரெட்டின் பாட்டுக் கச்சேரியை அதே வாஷிங்டன் போஸ்ட்டில் பால் ஹ்யூம் என்ற விமர்சகர் சுருதி சேரவில்லை என்று எழுதினார். பத்திரிகைச் செயலாளராக இருந்த பள்ளித் தோழர் சார்லி ராஸ் அந்தக் கச்சேரி நாளில்தான் இறந்திருந்தார், தடுக்க ஆளில்லை. நேரில் பார்த்தால் உனக்குப் புது மூக்கு தேவைப்படும் என்று ஜனாதிபதி கைப்படக் கடிதம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிட்டார். ஐம்பது மேதாவிகளை மன்னித்தவர், ஒரு சங்கீத விமர்சகரை மன்னிக்கவில்லை. எல்லா அப்பாக்களும் அப்படித்தான்.

இனி பேஸ்பால். அன்றைக்குத் தலைநகரின் அணி வாஷிங்டன் செனட்டர்ஸ், கடைசி இடத்துக்குப் பட்டா வாங்கியது போல ஆடிக்கொண்டிருந்தது. 1949-ல் மட்டும் 104 ஆட்டங்களில் தோல்வி. சீசனின் முதல் பந்தை கேலரியிலிருந்து ஜனாதிபதி எறிவது 1910-ல் டாஃப்ட் ஆரம்பித்த அக்கால வழக்கம். 1950-ல் ட்ரூமன் வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று எறிந்தார். எந்தக் கட்சியும் கோபித்துக்கொள்ளாத ஏற்பாடு.

1951 ஏப்ரல் 11-ல், கொரியப் போரை நடத்திவந்த ஜெனரல் மக்ஆர்தரை வேலையை விட்டு நீக்கினார் ட்ரூமன். 19-ம் தேதி ஜெனரல் நாடாளுமன்றத்தில் உருக்கமாகப் பேசி உறுப்பினர்களை அழவைத்தார். 20-ம் தேதி முதல் பந்து எறிய மைதானத்துக்கு வந்த ஜனாதிபதியை கேலரி கூவித் தீர்த்தது. நீக்கியது சரியான முடிவு என்பது என் கட்சி. ஆனாலும் கூவியவர்களை மெச்சுகிறேன்: பெயர் தெரியாத 'நெருங்கிய வட்டாரங்கள்' என்று யாரும் ஒளியவில்லை, டிக்கெட் வாங்கி உட்கார்ந்து சொந்தத் தொண்டையில் சொன்னார்கள்.

கேலரியின் சாதனை அதற்கும் முந்தையது. 1931-ல் பிலடெல்ஃபியாவில் வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் பார்க்க வந்தார் ஜனாதிபதி ஹூவர். பொருளாதாரம் படுத்துக் கிடந்தது, மதுவிலக்கு அமலில் இருந்தது. கூட்டம் அவரைக் கூவிவிட்டு, பீர் வேண்டும் பீர் வேண்டும் என்று கோஷம் போட்டது. 1932 தேர்தலில் ஹூவர் தோற்றார். 1933-ல் பீர் வந்தது. எந்தப் பத்திரிகைத் தலையங்கத்துக்காவது இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததாகத் தெரிந்தால் எழுதுங்கள். என் பிரஸ் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.