தட்டச்சுக் குற்றம்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள், ரிசல்ட் வரும்வரை ஊர் சுற்றலாம் என்ற என் திட்டத்தில் அப்பா மண்ணைப் போட்டார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் உலகத்தில் மனிதர்கள் இரண்டே ஜாதி: டைப் தெரிந்தவர்கள், டைப் தெரிந்தவர்கள் முன்னால் கைகட்டி நிற்பவர்கள்.

"லோயர், ஹையர் ரெண்டையும் முடிச்சுடு. எந்த ஊருக்குப் போனாலும் பொழச்சுக்கலாம்" என்றார்.

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இன்ஸ்டிட்யூட். பத்துப் பதினைந்து ரெமிங்டனும் ஃபேசிட்டும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கும். முதல் வாரம் முழுக்க 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே' மட்டும்தான். மாஸ்டர் கையில் மர ஸ்கேல். கண் தாளில் இருக்க வேண்டும். கண் விசைப் பக்கம் இறங்கினால் ஸ்கேல் விரல் பக்கம் இறங்கும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இரண்டையும் முடித்தபோது என் வாய்க்குத் தெரிந்த ஆங்கிலத்தைவிட விரல்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் அதிகம்.

கணக்கில் கதை வேறு. பள்ளியில் கால்குலேட்டர் என்பது மளிகைக்கடை அண்ணாச்சியின் சொத்து. பிசிக்ஸ் பிராக்டிகலில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி, லாக் எடுத்து, மீன் டிஃபரன்ஸைக் கூட்டி, ஆன்டிலாக் பார்த்து, கடைசியில் சார் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த விடையை எழுதுவோம். கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு காசியோ சயன்டிஃபிக் கால்குலேட்டர் கிடைத்தது. அதில் சைன் 30 போட்டேன். 0.5 வந்தது. பரவாயில்லையே, டேபிளில் இருப்பதையே சொல்கிறதே என்று அதை மெச்சிக்கொண்டேன்.

1996-ல் மேல்படிப்புக்கு அமெரிக்கா. பல்கலைக்கழகப் புத்தகக்கடையின் கண்ணாடி அலமாரியில்தான் அவளை முதலில் பார்த்தேன். பெயர் டிஐ-92. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுப் பெண். மற்ற கால்குலேட்டர்கள் எல்லாம் ஒல்லியாக, நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருக்க, இவள் மட்டும் அகலமாகப் படுத்திருந்தாள். அகலத் திரை, இடது ஓரத்தில் எட்டு எஃப் பட்டன்கள். அதற்கும் கீழே என் கண் போனது. க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய். அடுத்த வரிசையில் ஏ எஸ் டி எஃப்! பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஜவுளிக்கடை மாடியைப் பார்த்த மாதிரி இருந்தது. என் சுண்டுவிரல் தானாகவே 'ஏ'-யைத் தேடி மடங்கியது. விலை இருநூறு டாலரை ஒட்டி. டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் வியாதி முற்றியிருந்த காலம் அது. பெருக்கிப் பார்த்தேன், நெஞ்சு அடைத்தது, வாங்கிவிட்டேன்.

இந்த மாதிரி ஒரு கருவி பிறக்க இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேச வேண்டியிருந்தது. ஒன்று கீபோர்டு குடும்பம். 1980-லேயே ஷார்ப் கம்பெனி பிசி-1211 என்று ஒரு பாக்கெட் கம்ப்யூட்டரை விட்டது. குட்டிக் கீபோர்டு, பேசிக் மொழி எல்லாம் உண்டு. ஆனால் திரை ஒரே ஒரு வரி, 24 எழுத்து. படம் வரையச் சொன்னால் கையை விரிக்கும். இன்னொன்று கிராஃப் குடும்பம். 1985-ல் வந்த காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி தான் உலகின் முதல் கிராஃபிங் கால்குலேட்டர். சமன்பாட்டைக் கொடுத்தால் வளைகோடு வரைந்துவிடும். புரோகிராம் எழுத அதிலிருந்த இடம் 422 பைட். இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களை அதில் ஏற்றினாலே மூச்சு வாங்கும்.

1987-ல் எச்பி-28சி வந்து இரு வீட்டாருக்கும் நடுவில் தரகு வேலை பார்த்தது. புத்தகம் போல விரியும். வலப்பக்கம் எண்கள், இடப்பக்கம் எழுத்துகள். எழுத்துகள் மட்டும் ஏ, பி, சி, டி என்று எல்கேஜி வரிசையில் நின்றன. டைப் படித்தவனுக்கு இது எப்படி என்றால், சொந்த வீட்டில் சாமான்களை யாரோ அகராதி வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி. உப்புக்கும் உலக்கைக்கும் ஒரே அலமாரி.

கடைசியில் 1995-ல் டிஐ-92 ரூபத்தில் கல்யாணம் நடந்தது. சீர்வரிசை பலமானது. இயற்கணிதம் போடும் மூளை ஹவாய்த் தீவுகளிலிருந்து: ஹொனலூலுவில் சாஃப்ட் வேர்ஹவுஸ் என்ற சிறு நிறுவனம் எழுதிய டிரைவ் மென்பொருளின் வழி வந்தது. வடிவியல் வரையும் கை பிரான்சிலிருந்து: கிரனோபிளில் பிறந்த காப்ரி. உள்ளே மோட்டோரோலா 68000 சிப். 1984-ல் வந்த முதல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குள் இருந்த அதே ரகம். இத்தனைக்கும் சோறு, நான்கு பென்சில் பேட்டரி.

முதல் ராத்திரி ஒரு இன்டக்ரல் போட்டுப் பார்த்தேன். எக்ஸ் சைன் எக்ஸ். பகுதி பகுதியாக நான் அரைப் பக்கம் எழுதும் கணக்கு. இரண்டு கண் இமைப்பில் 'சைன் எக்ஸ் கழித்தல் எக்ஸ் காஸ் எக்ஸ்' என்று புத்தகத்தில் அச்சடித்த மாதிரி திரையில் காட்டியது. கடைசியில் 'கூட்டல் சி' மட்டும் போடவில்லை. அந்த ஒரு சி-க்காக நான் வாழ்க்கையில் எத்தனை அரை மார்க் இழந்திருக்கிறேன்! இவ்வளவு பெரிய மேதையும் அதே இடத்தில் கோட்டை விட்டதைப் பார்த்ததும்தான் இது நம்ம ஜாதி என்று முழு நம்பிக்கை வந்தது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டிப் பட்டன்கள்மீது பத்து விரலையும் வைப்பது, ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் ஏறுவதற்குச் சமம். அது இரு கையிலும் பிடித்துக் கட்டைவிரலால் அமுக்க வேண்டிய சாமான். ஆனாலும் நான் மேஜைமேல் வைத்து, முழங்கையை ஒடுக்கி, மாஸ்டர் சொன்ன மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, சுண்டுவிரலால் 'ஏ' அடித்தேன். அறைத்தோழன் கதவருகே நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் போனான்.

அப்புறம் வந்தது பரீட்சை. கிராஃபிங் கால்குலேட்டர் கொண்டுவரலாம் என்று பாடக்குறிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கம்பீரமாக எடுத்து மேஜைமேல் வைத்தேன். மேற்பார்வைக்கு வந்த அம்மணி என் வரிசையில் நின்றார்.

"இதை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். இது கம்ப்யூட்டர்."

"இல்லை மேடம், கால்குலேட்டர். பெட்டியிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள்."

"கீபோர்டு இருக்கிறதே."

பக்கத்துப் பையன் கையில் எச்பி-48ஜி. அதைக் காட்டி, "இதிலும் ஏ முதல் இசட் வரை எழுத்து இருக்கிறதே?" என்றேன்.

"அது ஏ, பி, சி. உங்களுடையது க்யூ, டபிள்யூ, ஈ."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அந்த 48ஜி-யும் எழுத்துக் கணக்குப் போடும். போதாக்குறைக்கு அதன் நெற்றியில் அகச்சிவப்புக் கண் ஒன்று உண்டு. டிவி ரிமோட் மாதிரி எதிரே இருக்கும் இன்னொரு 48-க்குச் சேதி அனுப்பும். கண்ணடிக்கத் தெரிந்தவன் உள்ளே இருக்கிறான், டைப் அடிக்கத் தெரிந்தவள் வெளியே போக வேண்டும். டிஐ-92-ல் மூன்று என்டர் பட்டன்கள், எந்தக் கை எங்கே இருந்தாலும் எட்டட்டும் என்று மூன்று இடத்தில் வைத்திருந்தார்கள். மூன்று என்டர் இருந்தும் அறைக்குள் என்டர் ஆக முடியவில்லை.

அன்றிரவு போன் கார்டைக் கரைத்து அப்பாவிடம் புலம்பினேன். சற்று நேரம் கொர்ர் என்ற சத்தம் மட்டும் வந்தது. பிறகு கேட்டார்: "ஏண்டா, டைப் தெரிஞ்சா வெளியே போன்னு சொல்ற ஊரும் இருக்கா?"

இருந்தது. விசாரித்துப் பார்த்ததில் அந்த அம்மணி தன் சொந்தச் சரக்கைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான சாட், 1994-ல் கால்குலேட்டருக்குக் கதவைத் திறந்தது. பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வு 1995-ல் கிராஃபிங் கால்குலேட்டரைக் கட்டாயமாகவே ஆக்கியது. இரண்டு இடத்திலும் தட்டச்சு வரிசைக் கீபோர்டுக்கு இடமில்லை. கேள்விகளை மளமளவென்று டைப் அடித்து வெளியே கடத்திவிடுவார்களாம். என் மாஸ்டர் கேட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். அவருடைய சீடர்கள் யாரும் அந்த வேகத்தை எட்டி அவர் பார்த்ததில்லை.

ஏசிடி என்ற இன்னொரு தேர்வின் விதி இன்னும் நுட்பமானது. எழுத்துகள் இருக்கலாம், தட்டச்சு வரிசையில்தான் இருக்கக் கூடாது. 48ஜி-யின் அகச்சிவப்புக் கண்ணுக்கு அவர்கள் சொன்ன பரிகாரம்: கனமான எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டி மூடிவிடு, கொண்டு வா. கண் உள்ளவனுக்குக் கண்கட்டு போதும். பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தையே பார்க்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நீளம் 21 சென்டிமீட்டர், அகலம் 15 சென்டிமீட்டர், அதற்குள் அடங்கினால் சரி. ஸ்கேலை மதிக்கும் தேசம் என்பதால் அவர்கள்மீது எனக்குத் தனி மரியாதை.

இந்த க்யூ டபிள்யூ ஈ வரிசையை அமைத்தவர் மில்வாக்கி நகரத்து கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ். துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி 1870-களில் அவருடைய டைப்ரைட்டரைத் தயாரித்து விற்றது. அன்றைக்கு அவர் எழுத்துகளை வேறு மாதிரி கலைத்துப் போட்டிருந்தால் 1996-ல் நான் பரீட்சையை நிம்மதியாக எழுதியிருப்பேன்.

டெக்சாஸ்காரர்கள் விவரமானவர்கள். 1998-ல் டிஐ-89 வந்தது. டிஐ-92-ன் அதே மூளையை எடுத்து, திரையைச் சுருக்கி, கீபோர்டைக் கழற்றி, ஒல்லி உடம்பில் பொருத்தினார்கள். மீசையை மழித்துவிட்டு அதே ஆள் வேறு பெயரில் வந்தான். சாட் வாசலில் 'வாங்க வாங்க' என்று உட்கார வைத்தார்கள். இன்டக்ரல் எல்லாம் அட்சரம் பிசகாமல் போட்டான். ஏசிடி-காரர்கள்தான் கீபோர்டைப் பார்க்காமல் மூளையைப் பார்த்து, இவனையும் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

நானும் ஒன்று வாங்கித் தொலைத்தேன். அதில் எழுத்துகள் எண்களின் முதுகில் சவாரி செய்தன. ஒரு சமன்பாட்டைத் தீர்க்க 'சால்வ்' என்று அடிக்க வேண்டுமா? ஆல்ஃபா பட்டனை அமுக்கிப் பூட்டிவிட்டு, எஸ்-க்கு 3, ஓ-வுக்குக் கழித்தல் குறி, எல்-லுக்கு 4, வி-க்கு 0, ஈ-க்கு வகுத்தல் குறி. மூன்று கழித்தல் நாற்பது வகுத்தல்! கணக்கைத் தீர்த்துக்கொடு என்று கேட்பதே ஒரு கணக்காகிவிட்டது. நிமிடத்துக்கு 45 வார்த்தை அடித்த விரல், நாலு வார்த்தைக்கு நாக்குத் தள்ளியது. கண் வேறு பட்டனைவிட்டு ஏறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் விரல்மேல் ஸ்கேல் விழப்போகிறது என்று தோள் தானாகக் குறுகும்.

கீபோர்டு வம்சம் உடனே அழிந்துவிடவில்லை. 2002-ல் டிஐ-92-ன் வாரிசாக வாயேஜ் 200 வந்தது. உடம்பு இளைத்திருந்தது, அதே க்யூ டபிள்யூ ஈ, அதே தடை. 2007-ல் டிஐ-என்ஸ்பயர். இதில் எழுத்துக்கெல்லாம் தனித்தனிப் பட்டன் திரும்பி வந்தது. ஆனால் குட்டிக் குட்டியாக, எண் பட்டன்களின் இடுக்கில், வெண்பொங்கலில் மிளகு மாதிரி தூவியிருந்தார்கள். வரிசை ஏ, பி, சி. 2010-ல் மிளகையெல்லாம் பொறுக்கி ஒரே இடத்தில் சேர்த்தார்கள். அப்போதும் ஏ, பி, சி. வண்ணத் திரை போட்டார்கள், விரல் தேய்த்தால் அம்புக்குறியை நகர்த்தும் பலகை வைத்தார்கள், பேட்டரியை சார்ஜ் போட வைத்தார்கள். எழுத்து வரிசையில் மட்டும் கை வைக்கவில்லை. உலகத்தில் எல்லோர் கையிலும் க்யூ டபிள்யூ ஈ போன் வந்த பிறகும் கால்குலேட்டர் மட்டும் எல்கேஜியிலேயே உட்கார்ந்திருந்தது. பாஸ் போட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களே!

2024-ல் என் மகள் சாட் எழுதினாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து டிஐ-92-ஐ இறக்கி, தூசி தட்டி, நான்கு பேட்டரி போட்டேன். உயிர் இருந்தது. குலதெய்வத்துப் பொருளை நீட்டுகிற பாவனையில் அவளிடம் நீட்டினேன்.

"அப்பா, இதைக் கொண்டுபோக முடியாது. ரூல்ஸ் பார்த்தேன். கம்ப்யூட்டர் மாதிரி கீபோர்டு இருக்கிற கால்குலேட்டர் கூடாதாம்."

"அப்ப எதுல கணக்குப் போடுவ?"

"இதுலதான்" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

அமெரிக்காவில் அந்த வருஷத்திலிருந்து சாட் தேர்வே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. தேர்வுச் செயலியிலேயே டெஸ்மோஸ் என்ற கிராஃபிங் கால்குலேட்டரைப் பொதிந்து வைத்துவிட்டார்கள். மேஜைமேல் முழு நீளக் கீபோர்டு, க்யூவிலிருந்து எம் வரை. அதில்தான் அவளுக்குத் தேர்வே. அந்தக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கீபோர்டு வைத்த கால்குலேட்டரை வைத்தால்தான் குற்றம்.

அப்பா இருந்திருந்தால் போன் போட்டிருப்பேன். எந்த ஊருக்குப் போனாலும் பொழச்சுக்கலாம் என்று அவர் சொன்னது பலிக்க முப்பது வருஷமும் ஒரு தலைமுறையும் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மகள் டெஸ்மோஸில் ஒரு சைன் வளைகோடு வரைந்து காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் திரையைப் பார்க்கவில்லை. இரண்டே இரண்டு ஆள்காட்டி விரல்களால், கோழி கொத்துகிற மாதிரி, குனிந்து கீபோர்டைப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். என் வலது கை மேஜைமேல் தடவித் தடவி எதையோ தேடியது.

"என்னப்பா வேணும்?"

"ஒண்ணுமில்லம்மா. இங்க ஒரு ஸ்கேல் இருந்துச்சே?"